புகையிலை வரிக்குத் தனிக் கணக்கு வேண்டும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

நமது ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பகுதியில் ஜகாத் நிதிக்குத் தனிக் கணக்கு உண்டு. அத்தொகையை எடுத்துப் பள்ளிவாசல் சுவருக்கு வெள்ளையடிக்க நாம் இசையமாட்டோம். சிறியதொரு ஜமாஅத் பேணும் இவ்வொழுங்கை, புகையிலையால் வருவாய் பெறும் அரசாங்கங்களிடம் எதிர்பார்ப்பது மிகையன்று.

அமெரிக்காவில் 1998இல் 46 மாநிலங்கள் சிகரெட் நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்து, 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் பெற வழி செய்தன. புகைத்து நோயுற்றோருக்கு ஆன மருத்துவச் செலவை மீட்கவே அவை வழக்கிட்டன. ஆயினும் இன்ன வகைக்கே செலவிட வேண்டும் என்ற கட்டு அதில் இல்லை. பல மாநிலங்கள் பட்ஜெட் பற்றாக்குறையை அடைத்துக்கொண்டன. புகைப்பழக்கத்தைத் தடுக்கும் பணிக்குச் சென்றது சிறு பங்கே.

நம் நாட்டில் இதனினும் நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது. பழவேற்காடு ஏரியில் இரவெல்லாம் வலையோடு விழித்திருப்பவர் பற்றவைக்கும் பீடியை, நெல்லைச் சீமையிலோ வேலூர்ப் பக்கத்திலோ ஒரு தாய் மடியில் முறத்தை வைத்துச் சுற்றியிருப்பார். மேலப்பாளையத்தில் நம் சமுதாயப் பெண்கள் பலருக்கு இதுவே பிழைப்பு. புகைப்பவர் சில நிமிடங்கள் சுவாசிப்பதை, இவர்கள் தூளாக நாள் முழுவதும் சுவாசிக்கின்றனர். இவர்களுக்காகவே 1976இல் மத்திய அரசு பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தை இயற்றிற்று. பீடியின் மீது விதித்த தனித் தீர்வை, பிற்காலத்தில் ஆயிரத்திற்கு 5 ரூபாயாக இருந்தது. அந்நிதியிலிருந்து மருத்துவமும், வீடு கட்ட மானியமும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தன.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது. உதவித்தொகை அடியோடு நின்றுவிடவில்லை. எனினும் உரிமையாய் வந்த பணம், ஆண்டுதோறும் பட்ஜெட் ஒதுக்கீட்டை எதிர்நோக்கும் பணமாயிற்று. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பீடி வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைக்க முடிவு செய்தது. இதனால் பீடி மலிவாகலாம். சுற்றுபவரின் கூலி உயருமென எவரும் எழுதித் தரவில்லை.

வரியைக் குறைப்பதைவிட, அதில் ஒரு பங்கைச் சட்டப்படி ஒதுக்குவதே முறையென நாம் கருதுகிறோம். புற்றுநோய்க்காக அடையாறு வரை அலைவோரின் சிகிச்சைக்கு அது உதவட்டும். அதற்கும் முன்பாக, பீடி சுற்றும் பெண்கள் வேறு தொழில் கற்று முடிக்கும்வரை அவர்கள் வீட்டு அடுப்பு எரிய உதவட்டும். புகைப்போர் குறையும்போது முதலில் பட்டினி கிடக்க நேர்பவர்கள் அவர்களே.

இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, நமது நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மத்திய தொழிலாளர் அமைச்சகத்திற்கும் அனுப்பிட ஜமாஅத்தார் இசைவு தருமாறு வேண்டுகிறோம்.