மறைந்த ரயில் கம்பெனிகளின் பெயரும் பாஸும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879 டிசம்பரில் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியபோது, பிரெஞ்சு எல்லைக்குள் அமைந்த பாதைக்கு உடைமையாளராக விளங்கியது பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி. ஆனால் அந்தப் பாதையில் வண்டிகளை இயக்கியதும், அதற்கான ஆட்களை அமர்த்தியதும் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே கம்பெனியே. ஆகவே புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய கம்பெனி கணக்கேடுகளிலும் ஒப்பந்தங்களிலும் வாழ்ந்ததேயன்றி, ஊழியரின் சட்டைப்பையிலிருந்த பாஸில் வாழவில்லை எனலாம்.

தென்னிந்திய ரயில்வேயும் நிலைத்த பெயரன்று. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா, கர்நாடிக் என்னும் இரு கம்பெனிகள் 1874இல் இணைந்து அது உருவாயிற்று. 1944இல் அதன் நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே ஆகியவற்றோடு கலந்து தெற்கு ரயில்வே ஆயிற்று. இவ்வாறு விழுங்கப்பட்ட பெயர்கள் இன்று எவருக்குச் சொந்தம் என்பது வெறும் பழம்பெருமைக் கேள்வியன்று. பொம்மை ரயில், அஞ்சலட்டை, தேநீர்க் கோப்பை ஆகியவற்றில் அப்பெயரை அச்சிட்டு விற்பவர் யாருக்கேனும் பணம் தரவேண்டுமா என்பதும் அதனுள் அடங்கும்.

ஒருவரின் சரக்கையோ சேவையையோ பிறருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் பெயரையும் சின்னத்தையும் வணிகக் குறி, அதாவது டிரேட்மார்க், என்று 1999ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் வரையறுக்கிறது. பதிவு பத்தாண்டு செல்லும், மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். எனினும் தொடர்ந்து ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத குறியைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்படி பாதிக்கப்பட்டவர் கோரலாம் என்பதால், புழக்கமே இவ்வுரிமையின் உயிர். 1948இல் அரசுடைமையான டார்ஜிலிங் இமாலய ரயில்வேயின் இரு இலச்சினைகளை இந்திய ரயில்வே தன் வணிகக் குறிகளாக்கி, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் வழியே 2021இல் வெளிநாடுகளிலும் உரிமை கோரியது. அமெரிக்காவில் யூனியன் பசிபிக் நிறுவனம் தான் வாங்கிச் சேர்த்த பழைய ரயில் நிறுவனங்களின் சின்னங்களுக்காக மாதிரி ரயில் தயாரிப்பாளர்கள் மீது 2004இல் வழக்குத் தொடுத்ததோடு, அடுத்த இரண்டாண்டுகளில் தன் இஞ்சின்கள் ஆறுக்கு அந்தப் பழைய நிறுவனங்களின் வண்ணமும் பூசியது. ரசிகர்களை மகிழ்விக்கும் செயலாக அது தோன்றினும், சின்னம் புழக்கத்தில் உள்ளது என்பதற்குச் சான்றாகவும் பயன்படக்கூடியது. அருகிலேயே, கே.எஸ்.ஆர்.டி.சி. என்னும் சுருக்கத்துக்காகக் கேரள, கர்நாடகப் பேருந்துக் கழகங்கள் பல்லாண்டு போராடி, 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளியதால் கர்நாடகமும் அதைப் பயன்படுத்தும் நிலை உறுதியாயிற்று.

பாஸின் கதை இதற்கு நேர்மாறானது. ஒருவரைப் பயணியாகச் செல்ல அனுமதிக்கும் அதிகாரப் பத்திரம் பாஸ். அது டிக்கெட் ஆகாது என்று 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் தெளிவாகவே பிரிக்கிறது. விற்கப்படும் பொருளாக அன்றி, வேலையோடு ஒட்டிய சலுகையாக அது கருதப்படுவதால், முதலாளி மாறினாலும் அதைச் சுமக்கும் கடமை புதிய முதலாளியின் தோளில் ஏறுகிறது. அமெரிக்காவில் 1971 மே முதல் நாளில் ஆம்டிராக் நிறுவனம் பயணிகள் ரயில்களை ஏற்றபோது, அதற்கு முந்தைய நாள்வரை தனியார் ரயில்களில் சலுகைப் பயணத்துக்குத் தகுதி பெற்றிருந்த ஊழியரின் உரிமையை அந்நாட்டுச் சட்டம் ஆம்டிராக் மீதே சுமத்தியது. இந்தியாவில் இதனை ஒழுங்கு செய்வன 1986ஆம் ஆண்டின் ரயில்வே பணியாளர் பாஸ் விதிகள். அவற்றின்படி அதிகாரிகளுக்கு ஆண்டுக்கு ஆறு செட் பிரிவிலேஜ் பாஸும், பிற ஊழியருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஒரு செட்டும் பின்னர் மூன்று செட்டும் கிடைக்கும். போய்வரும் இரு பயணமும் சேர்ந்ததே ஒரு செட். இவையன்றிக் கட்டணத்தில் மூன்றிலொரு பங்கை மட்டும் செலுத்திச் செல்லும் பி.டி.ஓ. என்னும் சலுகைச் சீட்டும் உண்டு. பணி நிமித்தம் செல்வோர் பெறும் டூட்டி பாஸ் சலுகையாகாது, அது வேலைக்கான கருவியே.

புதுச்சேரியின் சாரம் பகுதியில் குடியிருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் தமக்குரிய பாஸைக் கொண்டு டெல்லிவரை செல்லலாம். 2020 முதல் அதைக் கணினி வழியே மின் பாஸாகப் பெறும் முறையும் வந்துவிட்டது. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 2004இல் அகலப் பாதையாக மாறிய பின்னர் பழைய கம்பெனிக் காலத் தண்டவாளமும் அங்கு இல்லை. ஆனால் பாஸ் உரிமை நிலைத்து நிற்கிறது. ஊழியர் மறைந்தாலும் உரிமை முற்றிலும் அறுவதில்லை. ஓய்வுக்குப் பின் அவர் பெற்ற பாஸ்களின் எண்ணிக்கையில் பாதி, விதவையர் பாஸ் என்ற பெயரில், அவருடைய மனைவிக்குச் சேர்கிறது.