கொடுத்த சொல்லும் கொண்ட பொருளும்



நட்புக்காகக் களம் புகுந்தவன் தோற்றாலும் புகழுக்குரியவன் என்பது தமிழ் மரபில் ஊறிய எண்ணம். செஞ்சோற்றுக் கடன் என்றவுடன் கர்ணன் நினைவுக்கு வருகிறான். தமையன் செய்தது தவறென்று அறிந்தும் அவனுக்காகப் போருக்குச் சென்ற கும்பகருணன் நினைவுக்கு வருகிறான். இவ்விருவரையும் அளவுகோலாகக் கொண்டு உலக வரலாற்றைப் பார்க்கும்போது, ஒரு நாடு தன் கூட்டாளிக்காகப் போரில் இறங்கினால், அது கொடுத்த சொல்லைக் காத்தது என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்வது எல்லா இடத்திலும் பொருந்துமா? 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மனி எடுத்த ஒரு முடிவைக் கொண்டு இதனை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் உள்ள பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றம் ஜப்பான்மீது போர் அறிவித்தது. அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஜப்பானோடு போர் என்றுதான் கேட்டார். ஜெர்மனியோடு போர் என்று கேட்கவில்லை. ஆனால் டிசம்பர் 11ஆம் நாள் ஜெர்மனியும் இத்தாலியும் தாமே முன்வந்து அமெரிக்காமீது போர் அறிவித்தன. அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் உரையாற்றிய ஹிட்லர், மூன்று நாட்டு ஒப்பந்தத்தின்பால் கொண்ட விசுவாசத்தையும் அம்முடிவுக்குக் காரணமாகக் குறிப்பிட்டார்.

அந்த ஒப்பந்தம் உண்மையில் எதைக் கேட்டது? ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்றும் 1940 செப்டம்பர் 27ஆம் நாள் பெர்லினில் அதில் கையொப்பமிட்டன. நடைபெற்றுவரும் போர்களில் அதுவரை ஈடுபடாத ஒரு வல்லரசால் மூவரில் ஒருவர் தாக்கப்பட்டால், மற்ற இருவரும் எல்லா வகையிலும் உதவ வேண்டும் என்பது அதன் மூன்றாம் விதியின் சாரம். ‘தாக்கப்பட்டால்’ என்னும் செயப்பாட்டுவினையில்தான் கடமை முழுவதும் தங்கியிருக்கிறது. பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் தாக்கப்படவில்லை, தாக்கியது. ஆகவே எழுத்தின்படி ஜெர்மனிக்கு எந்தக் கடமையும் எழவில்லை. இலக்கணம் அறிந்த எவருக்கும் இது விளங்கும். ஜெர்மானிய வெளியுறவுத் துறைக்கும் இது விளங்காமல் இருந்திருக்க இயலாது.

எழுத்தைக் காட்டி விலகிநிற்பதற்கு முன்மாதிரிகளும் இருந்தன. முதல் உலகப் போரின் தொடக்கத்தில், ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் 1882 முதல் கூட்டுறவு கொண்டிருந்த இத்தாலி, அது தற்காப்புக்கான கூட்டு என்று கூறி, 1914 ஆகஸ்டில் நடுநிலையை அறிவித்தது. அதே நாள்களில் ருமேனியாவின் சினாயா நகரில் அரசவைக் கூட்டம் ஒன்று நடந்தது. ஜெர்மானிய அரச குடும்பத்தில் பிறந்தவரான மன்னர் முதலாம் கரோல், 1883இல் செய்த இரகசிய உடன்படிக்கையைக் காக்க விரும்பினார். அவையோ ஏறத்தாழ ஒருமனதாக மறுத்தது. மன்னர் பணிந்தார். கொடுத்த சொல்லுக்கும் நாட்டின் நலனுக்கும் இடையே அகப்பட்ட அம்முதியவர் அவ்வாண்டு அக்டோபரில் மறைந்தார்.

இவ்விரு நாடுகளும் அறத்திற்காகவே விலகிநின்றன என்று கொள்வதும் பிழையாகும். நிலம் கிடைக்கும் என்ற உறுதி பெற்றபின் இத்தாலி 1915இலும் ருமேனியா 1916இலும் எதிரணியில் சேர்ந்து போரிட்டன. விலகுவதற்கு எழுத்து இடம் தந்தது. ஆயினும் விலகச் செய்தது எழுத்து மட்டுமன்று.

ஜெர்மனிக்கு இன்னும் அண்மையான முன்மாதிரி ஜப்பானே. 1941 ஏப்ரல் 13ஆம் நாள் ஜப்பான் சோவியத் ஒன்றியத்தோடு நடுநிலை உடன்படிக்கை செய்துகொண்டது. ஜூன் 22ஆம் நாள் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மேல் படையெடுத்தது. கிழக்கிலிருந்து நீங்களும் தாக்குங்கள் என்று பெர்லின் வற்புறுத்தியபோது, ஜப்பான் தன் நலனை எண்ணித் தெற்கு நோக்கித் திரும்பியது. அமெரிக்காவோடு ஜெர்மனி போரில் இறங்கிய பின்னரும் அந்நிலை மாறவில்லை. சோவியத் ஒன்றியத்திற்கு அமெரிக்கா அனுப்பிய பொருள்களில் கணிசமான பகுதி, சோவியத் கொடி பறந்த கப்பல்களில் ஜப்பானியக் கடற்பகுதிகளைக் கடந்து விளாடிவாஸ்டாக் துறைமுகத்தை அடைந்தது. எந்தக் கூட்டாளிக்காக ஜெர்மனி புதிய பகையைத் தேடிக்கொண்டதோ, அந்தக் கூட்டாளி ஜெர்மனியின் பகைவனுக்குச் சென்ற கப்பல்களுக்கு வழிவிட்டது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். எழுத்துக்கு அப்பால் வாய்ச்சொல் இருந்ததே என்பது முதலாவது. அது உண்மை. ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் மட்சுவோகா 1941 ஏப்ரலில் பெர்லின் வந்தபோது, அமெரிக்காவோடு ஜப்பான் மோதினால் ஜெர்மனி உடனே துணைவரும் என ஹிட்லர் வாக்களித்தார். நவம்பர் இறுதியில் ஜப்பானியத் தூதர் ஓஷிமாவிடம் ரிப்பன்டிராப்பும் அவ்வாறே உறுதி கூறினார். ஆயினும் வாக்களித்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். போலந்தோடு 1934இல் செய்த உடன்பாட்டை 1939இல் உதறியவர் அவர். சோவியத் ஒன்றியத்தோடு 1939 ஆகஸ்டில் செய்த உடன்படிக்கையை இரண்டாண்டு நிறையுமுன் மீறியவரும் அவரே. தமக்கு வேண்டாத சொல்லையெல்லாம் காற்றில் விட்ட ஒருவர், இந்த ஒரு சொல்லுக்காக மட்டும் நாட்டைப் போரில் இறக்கினார் என்று நம்புவதற்கில்லை.

அட்லாண்டிக் கடலில் ஏற்கெனவே போர் நடந்துகொண்டிருந்தது என்பது இரண்டாவது மறுப்பு. இதிலும் உண்மை உண்டு. ஜெர்மானியப் போர்க்கப்பல்களைக் கண்டவுடன் சுடும் ஆணையை ரூஸ்வெல்ட் செப்டம்பரில் வெளியிட்டார். அக்டோபர் 31ஆம் நாள் ரூபன் ஜேம்ஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. நூறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். பெர்லினில் அமெரிக்கத் தூதரகப் பொறுப்பாளரிடம் தரப்பட்ட போர் அறிவிப்புக் கடிதம் இந்நிகழ்ச்சிகளையே குற்றச்சாட்டுகளாக அடுக்குகிறது. மூன்று நாட்டு ஒப்பந்தத்தை அது காரணமாகக் காட்டவேயில்லை. மேடையில் விசுவாசம் பேசப்பட்டது. கடிதத்தில் கடற்சண்டை பேசப்பட்டது. இரண்டுக்கும் அடியில் கணக்கு ஒன்று இருந்தது. அமெரிக்காவோடு போர் எப்படியும் வரும். ஜப்பான் அதனைப் பசிபிக்கில் கட்டிப்போடும். தன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரைவரை தடையின்றிச் செல்லலாம் என்பது அக்கணக்கு. மாஸ்கோவின் வாயிலில் சோவியத் படைகள் எதிர்த்தாக்குதல் தொடங்கி ஒரு வாரமும் ஆகாத வேளையில் போடப்பட்ட கணக்கு அது.

ஆகவே, தவிர்த்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதே விடை. அமெரிக்காவோடு போர் என்றுமே வந்திராது என்று இதற்குப் பொருளன்று. ஆனால் அமெரிக்கச் சினம் முழுவதும் ஜப்பான்மேல் திரும்பியிருந்த அந்த வாரத்தில், ஐரோப்பியப் போருக்கும் இசைவு தருமாறு தம் நாடாளுமன்றத்தைக் கேட்கும் சுமை ரூஸ்வெல்ட்டின் தோளில் இருந்தது. அச்சுமையை இறக்கி வைத்தது பெர்லின். டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பான்மீதான போருக்கு எதிராக ஒரு வாக்கேனும் விழுந்தது. 11ஆம் நாள் ஜெர்மனிமீதான போருக்கு எதிராக ஒரு வாக்குகூட விழவில்லை.

மீண்டும் கும்பகருணனை எண்ணிப் பார்க்கலாம். அவன் போருக்குமுன் தமையனிடம் உண்மையைச் சொன்னான்; அது ஏற்கப்படாதபோது தன் உயிரையே கடனுக்கு ஈடாக வைத்தான். பெர்லினில் முடிவெடுத்தவர்கள் ஈடாக வைத்தது பிறருடைய உயிர்களை. உடன்படிக்கையில் கையொப்பமிடுகிறவர்கள் சிலர். அதற்கு விலை கொடுப்பவர்கள் அதனைப் படித்தே இராத பல இலட்சம் பேர். தனிமனிதனின் செஞ்சோற்றுக் கடனை நாட்டின் கூட்டணிக்கு அப்படியே பொருத்த இயலாமைக்கு இதுவே காரணம்.

வள்ளுவர் நட்பைச் சொன்ன கையோடு நட்பாராய்தலைச் சொன்னார். தீ நட்பையும் கூடா நட்பையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்தார். நட்பு என்ற பெயர் தாங்கி வருவதையெல்லாம் நட்பென்று கொள்ளலாகாது என்பதே அவ்வைப்பு முறையின் கருத்து. விசுவாசம், வாக்கு, கடமை ஆகிய சொற்களுக்கும் அந்த ஆராய்ச்சி வேண்டும். ஓர் அரசு இச்சொற்களை முழங்கும்போது, ஒப்பந்தம் கேட்டது என்ன, கேளாமலே கொடுக்கப்பட்டது என்ன, அதற்கு விலை தரப்போகிறவர் யார் என்று வினவுவது சொல்லோடு வாழ்பவர்களின் பணி. வரும் ஆண்டுகளிலும் இவ்வட்டம் அப்பணியைத் தொடர வாழ்த்துகள்.