விதையிலிருந்து அசோகம்



இன்று ஒரு மரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அசோக மரம். சீதை சிறையிருந்த அசோகவனம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அசோக மரத்தைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

"எங்கள் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்கிறதே!" என்று சிலர் சொல்வீர்கள். கம்பம் போல நெட்டையாக வளரும் அந்த மரம் அசோகம் அல்ல. அது நெட்டிலிங்கம். அதன் இலைகள் தனித்தனியாக இருக்கும். ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். பூ வெளிறிய பச்சை நிறம்.

உண்மையான அசோகம் அவ்வளவு உயரம் போகாது. கிளை பரப்பி நிழல் தரும். ஒரே காம்பில் நான்கு முதல் ஆறு ஜோடி இலைகள் இருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூ முதலில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்திருக்கும். நாளாக ஆகச் சிவக்கும். கிளையில் மட்டுமல்ல, அடிமரத்திலும் பூ வரும். ஒடிசா மாநிலத்தின் மலர் இதுதான். பழந்தமிழில் இதற்குப் பிண்டி, செயலை என்று பெயர்.

இவ்வளவு பெயர்பெற்ற மரம் காட்டில் குறைந்துகொண்டே வருகிறது. ஏன்? காடு அழிவது ஒரு காரணம். பட்டையை உரிப்பது இன்னொரு காரணம். பெண்களின் மாதவிடாய்த் தொல்லைகளுக்கான ஆயுர்வேத மருந்துகளில் அசோகப் பட்டை சேர்கிறது. அதற்காக மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிடுகிறார்கள். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்குப் போகிறது. சுற்றிலும் உரித்தால் வேர் பட்டினி கிடக்கும். மரம் செத்துவிடும். பட்டை கிடைக்காதபோது நெட்டிலிங்கப் பட்டையை அசோகப் பட்டை என்று விற்பதும் நடக்கிறது. 1998இல் உலக அளவில் அழியும் ஆபத்துள்ள மரங்களின் பட்டியலில் அசோகம் இடம்பெற்றது.

நாம் என்ன செய்யலாம்? விதை போட்டு வளர்க்கலாம்.

பூ முடிந்த பிறகு தட்டையான காய்கள் தொங்கும். இடத்திற்கு ஏற்ப மே முதல் ஆகஸ்டு வரை முற்றும். காய் கறுத்து வெடிக்கத் தொடங்கும்போது பறியுங்கள். உள்ளே பெரிய அவரைக்கொட்டை போன்ற விதைகள் இருக்கும். பூச்சி துளைத்தவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. நெல்லைப் போல, கேழ்வரகைப் போல இந்த விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். ஆகவே பறித்த சில நாட்களுக்குள் விதைத்துவிடுங்கள்.

விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து பையில் நிரப்புங்கள். பையின் அடியில் துளை இருக்கட்டும். விதையைப் படுக்கையாக வைத்து, ஒரு விரல் கனத்துக்கு மண் மூடுங்கள். நிழலில் வைத்து, மண் காயாமல் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். சில வாரங்களில் முளை வரும்.

புதுத்தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். செடி வாடிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அதன் இயல்பே அதுதான். சில நாட்களில் இலை பச்சையாகி விறைத்து நிற்கும்.

ஓராண்டு வளர்ந்த கன்றை மழைக்காலத்தில் நடுங்கள். இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி தோண்டித் தொழு உரம் போடுங்கள். அசோகம் ஓடைக்கரை மரம். அதற்கு ஈரமும் கொஞ்சம் நிழலும் பிடிக்கும். கிணற்றடி, குளக்கரை, பெரிய மரத்தின் ஓரம் ஏற்ற இடங்கள். இளங்கன்றைக் கடும் வெயிலிலிருந்தும் ஆடுமாடுகளிடமிருந்தும் காப்பாற்றுங்கள். மெதுவாகத்தான் வளரும். பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். பொறுமை வேண்டும்.

இன்னொரு வார்த்தை. வீட்டில் மரம் இருக்கிறது என்று நீங்களே பட்டையை வெட்டி மருந்து செய்ய வேண்டாம். உடல் தொல்லைக்கு மருத்துவரைப் பாருங்கள். மரம் பூவுக்கும் விதைக்கும் நிற்கட்டும்.

உங்கள் ஊரில், கோயிலில், பள்ளியில் உண்மையான அசோகம் இருக்கிறதா? சேர்ந்து தேடிப் பாருங்கள். இருந்தால், காய் முற்றும் மாதத்தைக் குறித்து வையுங்கள். ஒரு மரத்தின் விதையிலிருந்து ஊருக்கே கன்று தரலாம்.