கடைசியில் நடப்பவரின் வேகம்

(பொதுக்காலம் 23ஆம் ஞாயிறன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



கடந்த இரு வாரங்களாக நம் சென்னைத் தெருக்களில் காவி உடுத்தி நடந்த திருப்பயணிகளைப் பார்த்தோம். சிலர் பெசன்ட் நகர் அன்னையிடம் வந்தார்கள். சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வேளாங்கண்ணிக்கே நடந்தார்கள். நாளை அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. இந்த நாட்களில் நம் பங்கு இளையோர் வேறொரு நடைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஜனவரியில் அகத்தியர் மலைக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பொதிகை என்று நாம் போற்றும் அந்த மலையின் உயரம் 1,868 மீட்டர். திருவனந்தபுரத்தை அடுத்த போனக்காட்டில் தொடங்கும் மூன்று நாள் நடை அது. முதல் நாள் காட்டு வழியே அதிருமலை முகாம். இரண்டாம் நாள் உச்சிக்கு ஏறி மீண்டும் முகாம். மூன்றாம் நாள் இறக்கம். கேரள வனத்துறை ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே அனுமதி தருகிறது.

பங்கு மன்றத்தில் முதல் கூட்டம் நடந்தபோது எல்லாரும் உற்சாகமாக இருந்தார்கள். எவ்வளவு தண்ணீர், என்ன மருந்து, யார் பொறுப்பு என்று நாம் கேட்கத் தொடங்கியதும் ஒரு தம்பி எழுந்து, "நீங்க ஒரு பூசை வச்சு ஜெபம் பண்ணுங்க ஃபாதர், மத்ததை ஆண்டவர் பார்த்துப்பார்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நமக்கும் அது பக்தியான பேச்சாகத்தான் பட்டது.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவருக்கு ஒரே மகள். "ஃபாதர், நீங்க போகச் சொன்னா அனுப்புறேன். ஆனா குரங்கணியை நெனச்சா ராத்திரி தூக்கம் வரலை" என்றார்.

2018 மார்ச் 11ஆம் நாளை நாம் மறந்திருக்க மாட்டோம். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நம் நகரத்திலிருந்து போனவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளம் பெண்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்காக மன்றாடுவதே நம் கடமை. அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளுக்கு முன்பதிவும் வழிகாட்டிகளும் கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. காட்டுத்தீக் காலத்தில் அந்தப் பாதைகள் மூடப்படுகின்றன. இந்த ஏற்பாடுகளின் பின்னால் 23 வீடுகளின் கண்ணீர் இருக்கிறது.

அந்தத் தாயிடம், "ஆண்டவர் பார்த்துக்கொள்வார் அம்மா" என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கோவிலின் உச்சியில் ஆண்டவர் இயேசுவை நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னது யார்? அலகை அல்லவா! கடவுளைச் சோதிப்பது தகாது என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். நாம் செய்யவேண்டியதைச் செய்யாமல் தூதர்களை வேலை வாங்குவது விசுவாசம் ஆகாது. இறையருள் மனித முயற்சிக்கு மாற்றாக வருவதில்லை, அம்முயற்சியை உயர்த்தவே வருகிறது என்பது திருஅவையின் தொன்மையான போதனை. இன்றைய நற்செய்தியிலும் கோபுரம் கட்டப் போகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுகிறார். போருக்குப் புறப்படும் அரசர், தன் பத்தாயிரம் பேர் எதிரியின் இருபதாயிரம் பேருக்கு ஈடாவார்களா என்று உட்கார்ந்து சிந்திக்கிறார். இருவருமே முதலில் உட்காருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் மயிலாப்பூருக்கே இதில் ஒரு பங்கு உண்டு. 1545இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்து, ஏறத்தாழ நான்கு மாதங்கள் திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே தங்கிச் செபித்தார். அதன் பிறகே மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். அவ்வளவு தீவிரம் கொண்ட மனிதரே அடுத்த பயணத்துக்கு முன் காத்திருந்தார்.

ஆகவே நாமும் உட்கார்ந்தோம், கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதைச் சுமப்பது யார்? தி.நகரில் வாங்கிய புதுக் காலணியை மலையில்தான் முதன்முதலாகப் போடுவேன் என்றால் இரண்டாம் நாளே கால் கொப்பளிக்கும். அதனால் இப்போதே போட்டுப் பழக வேண்டும். அட்டைக்கடிக்கு என்ன, மயக்கம் வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் எங்கே, டார்ச் எத்தனை, எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் உச்சியை மறந்து திரும்பிவிட வேண்டும் என்றெல்லாம் எழுதினோம். ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் என்பவர் 1892இல் வகுத்த கணக்கு ஒன்றும் கிடைத்தது. சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். அதை வைத்து அழகான அட்டவணை ஒன்று தயாரித்துச் சுவரில் ஒட்டினோம்.

போன மாதம் ஒரு விடியற்காலையில் பயிற்சி நடை. சாந்தோமில் செபித்துவிட்டு, அடையாறு பாலம் தாண்டி, கிண்டி வழியாகப் பரங்கிமலைக்கு நடந்தோம். பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். படிகள் ஏறி மலைக்கோவிலை அடைந்து, புகைப்படம் எடுத்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் ஒரு பொட்டலம் மீதி இருந்தது தெரிந்தது. ஒருவரைக் காணோம்.

அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. வயது 27. நாள் முழுதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, கிண்டியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் முக்கால் மணி நேரமாகத் தனியே உட்கார்ந்திருந்தார். ஏன் தம்பி போன் செய்யவில்லை என்று கேட்டோம். "எல்லாரும் நல்லா நடக்குறீங்க ஃபாதர், என்னால உங்களுக்குத் தாமதம் ஆகக் கூடாதுன்னுதான்" என்றார்.

எருசலேமிலிருந்து திரும்பும் வழியில் மரியாவும் யோசேப்பும் பாலன் இயேசுவைத் தவறவிட்டதும் இப்படித்தான். பயணிகள் கூட்டத்தில் எங்கேனும் வருவான் என்று நினைத்து ஒரு நாள் பயணத் தூரம் வந்துவிட்டார்கள். திருக்குடும்பத்துக்கே நேர்ந்தது என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் உடனே திரும்பிப் போய்த் தேடினார்கள். நாமோ இட்லி சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று வேகமாக முன்னால் நடந்த கூட்டத்தில் மேய்ப்பராகிய நாமும் இருந்தோம். இந்த வயதிலும் இளைஞர்களுக்குச் சமமாக நடக்கிறோம் என்ற பெருமை நமக்கு.

சுவரில் ஒட்டிய அட்டவணையில் இருந்த பிழை அன்று புரிந்தது. அது வலுவுள்ளவர் நடக்கும் கணக்கு. நம்மில் மெதுவாக நடப்பவரின் கணக்கு அதில் இல்லை.

தொடக்க நூலில் யாக்கோபு தன் அண்ணன் ஏசாவைப் பல ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கிறார். ஏசாவோடு நானூறு ஆட்கள். வா, சேர்ந்தே போகலாம் என்கிறார் அண்ணன். யாக்கோபு பணிவோடு மறுக்கிறார். என் பிள்ளைகள் இளையவர்கள். என்னோடு பால் கொடுக்கும் ஆடுமாடுகள் இருக்கின்றன. ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துவிடும். அவர்கள் கால் போகும் அளவுக்கு நான் மெல்ல வருகிறேன் என்கிறார். இளமையில் அண்ணனை முந்தப் பார்த்த அதே யாக்கோபு! மெல்ல நடப்பது அவருக்கு இப்போது அவமானமாகத் தெரியவில்லை.

புது அட்டவணை எழுதினோம். நன்கு நடக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் கடைசியில் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. மணிக்கொரு முறை தலை எண்ண வேண்டும். மெதுவாக நடப்பவரே வேகத்தை முடிவு செய்வார். அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடாமல், அவரும் மூச்சு வாங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த அச்சகத் தம்பி இம்முறை வரவில்லை. மருத்துவச் சான்றிதழுக்காகப் போனபோதுதான் அவருக்கு இரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்தது. இந்த ஆண்டு மலை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவரைக் கட்டாயப்படுத்தி ஏற்றுவதும் அன்பல்ல. பட்டியலிலிருந்து அடித்துவிட்டு மறப்பதும் அன்பல்ல. என்ன செய்வது?

சாமுவேல் முதல் நூலில் தாவீது அறுநூறு பேரோடு எதிரிகளைத் துரத்துகிறார். பெசோர் ஓடையருகே இருநூறு பேர் களைத்து விழுந்து, மூட்டை முடிச்சுகளோடு தங்கிவிடுகிறார்கள். வெற்றியோடு திரும்பியவர்களில் சிலர், தங்கியவர்களுக்குப் பங்கு தரக் கூடாது என்கிறார்கள். தாவீது ஒப்பவில்லை. போனவருக்கும் பொருளைக் காத்திருந்தவருக்கும் சமபங்கு என்று அதையே சட்டமாக்குகிறார்.

காட்டுக்குள் போகும் குழுவுக்கு ஊரில் ஒருவர் வேண்டும். யார் யார் போனார்கள், எந்த வழி, எத்தனை மணிக்குள் செய்தி வர வேண்டும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அந்தத் தம்பி ஏற்றுக்கொண்டார். எல்லாருடைய இரத்த வகையும் வீட்டு எண்ணும் அவர் நோட்டில் இருக்கின்றன. அந்தத் தாய் அவரைச் சந்தித்து அரை மணி நேரம் பேசிவிட்டு, மகளின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பயம் முழுவதும் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. "கவனிக்க ஆள் இருக்கு ஃபாதர்" என்று மட்டும் சொன்னார்.

2025 செப்டம்பரில் உரோமையில் திருத்தந்தை 14ஆம் லியோ, கார்லோ அகுதிசோடு பியர் ஜார்ஜியோ ஃபிரசாத்தியையும் புனிதராக உயர்த்தினார். 24 வயதில் இறந்த ஃபிரசாத்தி நண்பர்களோடு மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்டவர். அதே கால்களோடு தூரின் நகரச் சேரிகளிலும் ஏறி இறங்கினார். வின்சென்ட் தெ பவுல் சபை உறுப்பினராக ஏழைகளைத் தேடிப் போனார். அவர் அடக்கத்துக்கு வந்து குவிந்த ஏழைகளைக் கண்ட பிறகே, அவர் எத்தனை பேருக்கு உதவியிருந்தார் என்பது குடும்பத்துக்குத் தெரிந்தது.

அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர் பொதிகைக்குப் போகப் போவதில்லை. ஆனால் நாம் பயணிக்கும் திருஅவை. நம் பங்கிலும் பின்தங்கி உட்கார்ந்திருப்போர் உண்டு. லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியில், முழங்கால் வலியோடு திருப்பலிக்கு வர இயலாத பாட்டி. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே சாப்பிடும் ஐயா. வேலை போனதைச் சொல்ல வெட்கப்பட்டு அன்பியத்துக்கு வராமல் நின்றுவிட்ட தந்தை. யாருக்கும் தாமதம் ஆகக் கூடாது என்று அவர்கள் போன் செய்ய மாட்டார்கள். நாம்தான் தலை எண்ண வேண்டும்.

இந்த வாரம் ஒவ்வோர் அன்பியமும் ஒரு கேள்வி கேட்கட்டும்: நம்மில் கடைசியாக வருபவர் யார்? அவர் வீட்டுக்கு இருவர் போங்கள். அடுத்த கூட்டத்தை அவருக்கு ஏற்ற நேரத்தில், அவரால் வர முடிந்த இடத்தில் வையுங்கள்.

நமக்காக மெல்ல நடந்து, எம்மாவு வழியில் சோர்ந்துபோன இருவரோடு சேர்ந்து நடந்த ஆண்டவர், உங்களையும் உங்கள் குடும்பங்களையும், மலை ஏறுவோரையும் ஊரில் காத்திருப்போரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.