பென்சிலில் இடும் மதிப்பெண்



விருந்தினர்களைப் பாராட்டும் பொறுப்பை வரவேற்புரை ஆற்றியவர் குறைவில்லாமல் முடித்துவிட்டார். ஆகவே நான் ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தோடு தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழுவில் பாட வல்லுநராக உட்கார்ந்திருந்தேன். ஒரே நாளில் முப்பது பேர். ஆளுக்குப் பத்து நிமிடம். மதிப்பெண்ணைப் பென்சிலில் போடச் சொன்னார்கள். பின்னால் அழித்து மாற்றலாம் என்பதே இதன் பொருள்; இங்கே பலருக்கும் தெரியும். தமிழ்வழியில் படித்த ஒரு பெண் வந்தார். கட்டுரைகள் நன்றாக இருந்தன. முதல் கேள்விக்கு ஆங்கிலத்தில் தடுமாறினார். அடுத்து ஒருவர், "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்றார். யாரும் தடுக்கவில்லை; நானுந்தான். என் தாளில், "வகுப்பைக் கட்டுப்படுத்துவது சிரமம்" என்று எழுதினேன். அவர் வகுப்பெடுத்து நான் பார்த்ததே இல்லை.

யாரையும் ஒதுக்க வேண்டும் என்று அன்று நான் கிளம்பி வரவில்லை. எண்ணம் இல்லாமலேயே பாகுபாடு நுழைந்துவிடும். 2012-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்கு ஜான் என்ற பெயரில், மற்றவர்களுக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஆய்வக மேலாளர் வேலைக்கு ஜானுக்கு ஆண்டுக்குச் சுமார் 30,200 டாலர் கொடுக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது, ஜெனிஃபருக்கு 26,500. பெண் பேராசிரியர்களும் இப்படித்தான் மதிப்பிட்டார்கள். அவர்களும் கெட்ட எண்ணத்தோடு பேனா பிடித்தவர்கள் அல்லர்.

பயிற்சியால் இந்தப் பாகுபாடு மாறுமா? விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் மோலி கார்ன்ஸ் குழுவினர் 92 துறைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இரண்டரை மணி நேரப் பயிலரங்கு நடத்தினார்கள். பாகுபாட்டைப் பாவமாக அல்ல, முயன்றால் விடக்கூடிய பழக்கமாகப் பேசினார்கள். பின்வந்த ஆண்டுகளில் அந்தத் துறைகளில் பெண்களின் நியமனம் கூடியது. புள்ளியியல்படி அந்த வேறுபாடு எல்லைக்கோட்டில்தான் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ஸ்ட்ரைடு குழுவின் வழி எனக்கு இன்னும் பிடித்தது. அங்கே பயிற்சி தருபவர்கள் அதே வளாகத்தின் மூத்த பேராசிரியர்கள். வெளியாள் சொன்னால் கொட்டாவி விடுவோம். பக்கத்து அறைக்காரர் தரவோடு வந்தால் தட்டிப் பேச நாக்கூசும்.

நம் நாட்டில் சிக்கல் கூடுதல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, உதவிப் பேராசிரியர் பதவிக்குக் கல்வி மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்க மட்டுமே உதவும். தேர்வு முழுக்க நேர்காணலைப் பொறுத்தது. முனைவர் பட்டமும் கட்டுரைகளும் வாசலோடு நின்றுவிடும். உள்ளே சாதியை யாரும் கேட்கவே வேண்டாம், "சொந்த ஊர் எது?" போதும். இடஒதுக்கீட்டுப் பணியிடங்களைத் "தகுதியானவர் எவருமில்லை" என்ற ஒற்றை வரியில் காலியாக விடுவதும் இதே அறையில்தான். எது தகுதி என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்த குழுவை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

அதனால் தேர்வுக் குழுவினருக்கான இந்தப் பயிலரங்கின் முதல் அமர்வில் சொற்பொழிவு கிடையாது. உங்கள் மேசைகளில் ஒட்டிய உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து விண்ணப்பங்கள். பிரிப்பதற்கு முன், எதைப் பார்க்கப்போகிறீர்கள், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று பக்கத்திலுள்ள தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். பென்சில் கொண்டுவந்தவர்கள் வாசலில் கொடுத்துவிடலாம். பேனா வாங்கி வைத்திருக்கிறோம்.