காமன்கூத்தும் கதைப்பாடமும்

கதையின் அங்கங்களைப் போதிக்கும் ஆசிரியர் பாத்திரம், களம், முரண், முடிவு என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே, ஹட்டன், நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளைகள் மாசிதோறும் காமன்கூத்து நடக்கும் காமன் பொட்டலில் விடிய விடிய விழித்திருந்து அவை யாவற்றையும் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள்.

அக்கூத்தில் சிவனது தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகையில், போகவேண்டாமென்று ரதி வழிமறித்து வாதாடுகிறாளே, கதையின் ஜீவன் அந்தத் தர்க்கத்தில்தான் இருக்கிறதென்பேன். போனால் எரிவான், போகாவிடில் தேவர்களுக்குக் கொடுத்த வாக்குப் பிசகுவான் என்ற சங்கடத்தில் நெஞ்சு பதைத்த குழந்தைக்கு, முரண் என்பதற்கு வேறு வரைவிலக்கணம் எதற்கு?

ஆசிரியப் பெருமக்களே, மன்மதன் ரதியின் சொல்லைக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்குமென்று இவ்வாரம் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் முதலியோர் தோட்டத் தொழிலாளரின் லயத்து வாழ்வை இலக்கியமாக்கிய இம்மலையகத்தில், பிள்ளைகளுடைய கதைக்களம் கைலாயமாக அன்றித் தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களமாகவும் கொழுந்து நிறுக்கும் மடுவமாகவும் இருக்கட்டும்.