இயற்பியல் எட்டாக்கனி அன்று
(மாணவர் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்பு முடிந்ததும், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் நம்மில் பலர், "என் பிள்ளைக்கு இயற்பியல் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவோடு பொறியியல், மருத்துவம் ஆகியவற்றின் வாசல்களும் அடைபடுகின்றன. ஆகவே, அது சரிதானா என்று ஆராய்வது நம் கடமையாகும்.

"இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்" என்று பிள்ளைகளைப் பிரிக்கும் கருத்தொன்று பரவலாக உள்ளது. 2008இல் ஹெரால்டு பாஷ்லர் முதலான உளவியல் அறிஞர் நால்வர் இது குறித்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றனர். படம், விளக்கம், கணக்கு ஆகிய மூன்றும் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும்.

அப்படியாயின் பயன் தரும் முறை எது? 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் கல்லூரி மாணவரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். உரைப்பகுதி ஒன்றை நான்கு வேளையும் படித்தவர்கள், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 40 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தனர். ஒரு வேளை படித்து, மூன்று வேளை பாராமல் எழுதிப் பார்த்தவர்களோ ஏறத்தாழ 61 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர்.

நம் பாகூர் ஏரியின் மதகை எண்ணிப் பாருங்கள். நீர்மட்டத்திலிருந்து திறப்பின் ஆழம் நான்கு மடங்கானால், நீர் பாயும் வேகம் இரு மடங்காகும் என்பது டாரிசெல்லியின் விதி. வாய்பாட்டை மட்டும் மனனம் செய்தவர், வினா சற்றே மாறினாலும் திகைப்பார். படம் வரைந்து, ஆழம் தரும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப அமைகிறது என்று காரணம் சொல்லிப் பழகியவர் திகையார்.

புதுவை அரசுப் பள்ளி மாணவர்கள் 2025இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதத் தொடங்கினர். 2024-25 கல்வியாண்டில் அவ்வாரியம் 11, 12ஆம் வகுப்புத் தேர்வுகளில் பாதியளவை, கற்றதைப் பயன்படுத்தும் திறனை அளக்கும் வினாக்களுக்கு ஒதுக்கியது. மனப்பாடம் மட்டும் இனிக் கைகொடுக்காது.

மாணவர்களே! அன்றைய பாடத்தை அன்றே புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எழுதுங்கள். விடையைப் பாராது கணக்கிடுங்கள். தவறிய இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் கேளுங்கள்.

பெற்றோர்களே! நாம் இயற்பியல் படிக்காதவர்களாக இருக்கலாம். "இன்று படித்ததை எனக்கு விளங்கும்படி சொல்" என்று கேட்க அது தடையன்று. நமக்கு விளங்கச் சொல்லும்போது பிள்ளைக்கும் தெளிவு பிறக்கும். வராது என்ற சொல்லை விடுத்து, இன்றிரவே அக்கேள்வியைக் கேட்போமாக! வஸ்ஸலாம்.